புதிதாக வருகிறவர்களை எப்படி வரவேற்கிறீர்கள்?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் லுத்தரன் சபையின் வரவேற்புக் குழுவில் இருக்கிறேன். வாசலில் விசாரித்து, பாட்டுப் புத்தகம் கொடுத்து உட்கார வைப்பது வரைக்கும் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகுதான் தடுமாற்றம். பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம் (நாம் நம்புவதைச் சேர்ந்து சொல்லும் அறிக்கை) என்று ஆராதனை போகும்போது எப்போது எழுந்து நிற்பது, எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் புதியவர் பக்கத்தில் இருப்பவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திருவிருந்து (நற்கருணை) நேரம் இன்னும் சங்கடம். அப்பத்திலும் திராட்சரசத்திலும் கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் மெய்யாகவே பெறுகிறோம் என்று நம்புகிற நாம், யார் வந்து பெறலாம் என்பதை மனம் நோகாமல் சொல்வது எப்படி? போதகர் முன்கூட்டியே அறிவிக்கிறாரா, அச்சிட்டுத் தருகிறீர்களா? (நடுவில் ஓடிப்போய்க் காதில் சொல்வது மட்டும் வேண்டாம்.)

இன்னொன்று. தொடர்ந்து வருகிறவர்களுக்கு, சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-ல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தை (விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி-பதிலாகச் சொல்லும் சிறு புத்தகம்) வைத்து வகுப்பு நடத்த ஆசை. வீட்டுத் தலைவர் குடும்பத்துக்குச் சொல்லித்தரும்படிதான் அவர் அதை எழுதினார். எங்கள் ஆட்களோ அதைத் திடப்படுத்தலுக்கு (ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் சடங்கு) ஆயத்தமாகும் பிள்ளைகளின் மனப்பாடப் புத்தகமாகவே பார்க்கிறார்கள். பெரியவர்களோடு கலந்து பேசி நடத்தியவர்கள் யாராவது இருந்தால், பத்துக் கட்டளையில் தொடங்கினீர்களா, பரமண்டல ஜெபத்திலா, எத்தனை வாரம் பிடித்தது என்று எழுதுங்கள். ஞானஸ்நானம் பெறாதவர்களும் வகுப்பில் இருப்பார்கள்.