மறு: ஆயில் பிரஷர் கேஜ் – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டு வருகிறேன். எண்ணெய் அளவி, மசகழுத்தமானி, உயவுக் கடிகை, சும்மா ‘ஆயில் மீட்டர்’ என்று பேச்சு நாலு பக்கமும் போயிருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். நாம் பெயர் தேடுவது ஒரு பொருளுக்கு இல்லை, மூன்று பொருள்களுக்கு: எச்சரிக்கை விளக்குக்காக எஞ்சினில் ஏற்கெனவே இருக்கும் சுவிட்ச், எண்ணெய் அழுத்தத்தை உணர்ந்து மானிக்குச் சொல்ல நாம் புதிதாகத் திருகப்போகும் உருளை, டேஷ்போர்டில் முள் ஆடும் வட்டம். பட்டறையில் முதல் இரண்டுக்கும் ‘ஆயில் சுவிட்ச்’ என்றுதான் பெயர். காரில் இந்தக் கேஜை நாமே மாட்டுவது பற்றிய நம் கையேட்டிலும் அப்படியே எழுதினால், படிப்பவர் கடையில் போய் ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கி வருவார். மூன்றையும் பிரித்துக் காட்டாத சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

முதலில் ‘எண்ணெய் அளவி’. தூய தமிழ், சின்னச் சொல், ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி என்றுதான் நினைப்பார்கள். அந்த வேலைக்குக் காரில் எண்ணெயில் விட்டுப் பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) இருக்கிறது. அளவு வேறு, அழுத்தம் வேறு. இந்தக் குழப்பம் ஏற்கெனவே ஊரெல்லாம் இருக்கிறது. எண்ணெய்க் குடுவையின் மூக்கிலிருந்து சொட்டு விழுவதுபோல் ஒரு சிவப்பு விளக்கு எரியும் அல்லவா, அதைப் பார்த்ததும் ‘ஆயில் குறைஞ்சிருக்கு’ என்று அரை லிட்டர் ஊற்றிவிட்டு ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. விளக்கு சொல்வது அளவை இல்லை, அழுத்தம் விழுந்துவிட்டது என்பதை. காரணம் எண்ணெய் குறைவாக இருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், பேரிங் இடைவெளி கூடியிருக்கலாம், எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருக்கலாம். எஞ்சினை உடனே நிறுத்திவிட்டுத்தான் எது என்று பார்க்க வேண்டும். ‘எண்ணெய் அளவி’ என்று நாமே பெயர் வைத்தால் இந்தத் தவறான புரிதலுக்கு முத்திரை குத்திக் கொடுத்தது போலாகும்.

அதனால் சொல்லுக்குள் ‘அழுத்தம்’ கட்டாயம் இருக்க வேண்டும். சுருக்கிச் சொல்லும்போதும் அது விழுந்துவிடக் கூடாது. மானியா கடிகையா என்ற சண்டையில் நான் மானி பக்கம். வெப்பமானி, மழைமானி என்று பள்ளியிலிருந்தே பழகிய சொல். கடிகை என்றால் பலருக்கு நேரம்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தது எண்ணெய்க்கு என்ன அடைமொழி. ‘மசகு’ நல்ல சொல், வண்டிச் சக்கரக் காலத்துச் சொல். ஆனால் இலங்கைப் பத்திரிகைகளில் ‘மசகு எண்ணெய் விலை உயர்வு’ என்று வந்தால் அது கச்சா எண்ணெய். அங்கிருந்து படிப்பவருக்கு நம் சொல் கிணற்றிலிருந்து எடுத்த குரூடை எஞ்சினுக்குள் ஓட விட்டதுபோல் இருக்கும். அதேபோல் நாம் அழுத்தம் என்பதை அங்கே பாடநூலில் அமுக்கம் என்பார்கள். வானிலை அறிக்கையில் ‘தாழமுக்கம்’ கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் அழுத்தம் என்றால் அவர்களுக்கும் புரியும். மசகுதான் ஆபத்து, பொருளே மாறிவிடுகிறது. உராய்வைக் குறைப்பதைச் சொல்லும் ‘உயவு’ பாடநூலைத் தாண்டி வெளியே வரவில்லை. எஞ்சினுக்குள் ஓடுவது என்ன எண்ணெய் என்று காரைப் பற்றிய கையேட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வெறும் ‘எண்ணெய்’ போதும்.

ஆக, எண்ணெய் அழுத்தமானி. முதல் இடத்தில் முழுப் பெயர், அப்புறம் ‘அழுத்தமானி’ என்றாலே போதும். டயருக்கு வைத்துப் பார்ப்பதும் அழுத்தமானிதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதைக் காற்றழுத்தமானி என்று எழுதிவிட்டால் மோதல் இல்லை.

முள் இருப்பதெல்லாம் மானி ஆகிவிடாது என்பதையும் கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மாஸ்டா மியாட்டா என்ற ஸ்போர்ட்ஸ் காரின் முதல் தலைமுறையில் உண்மையான அழுத்தமானி இருந்தது. 1990களின் நடுவில் அதை எடுத்துவிட்டு, பார்வைக்கு அப்படியே ஒரு முள்ளை வைத்து, பின்னால் வெறும் சுவிட்சைக் கோத்துவிட்டார்கள். அழுத்தம் ஓரளவுக்கு மேல் இருந்தால் முள் நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் கீழே விழும். முள் வேடம் போட்ட விளக்கு, அவ்வளவுதான். இதற்கு ‘பொய்மானி’ என்று ஒருவர் எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது சுவிட்சும் உருளையும். இங்கேதான் இழை சறுக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

விளக்கின் சுவிட்சுக்கு இரண்டே நிலை. அழுத்தம் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பாருக்குக் (பார் என்பது அழுத்த அலகு) கீழே போனால் இணையும், விளக்கு எரியும். சூடான எஞ்சினில் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார், இருக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. அந்தக் கணக்கில் 3000 சுற்றில் 2 பார் வேண்டும். நெடுஞ்சாலையில் அது 0.8க்கு இறங்கினாலும் சுவிட்சுக்குக் கவலை இல்லை, விளக்கு அணைந்தே இருக்கும். தனியாக மானி போடுவதே இதற்காகத்தான்.

புதிதாகத் திருகும் உருளை வேறு வகை. அழுத்தம் ஏற ஏற அதன் மின்தடை மாறும். ஐரோப்பிய வகையில் சுழி அழுத்தத்தில் 10 ஓம், முழு அழுத்தத்தில் 180 ஓம். அமெரிக்க வகை நேர் எதிர்: சுழியில் 240, முழுதில் 33. ஒன்றின் உருளையை மற்றதன் மானியோடு கோத்தால் முள் தலைகீழாக நகரும். ஆங்கிலத்தில் இந்த உருளை ‘சென்டர்’. ‘அனுப்பி’ என்ற பரிந்துரை அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது, யார் எதை அனுப்புகிறார் என்றே தெரியவில்லை. ‘அழுத்தத் தடையம்’ என்றும் ஒரு பரிந்துரை. அது நுட்பமானது, ஆனால் இப்போது வரும் மின்னணு மானிகளில் தடை இல்லை. மூன்று கம்பியும் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை மாறும் வெளியீடும்தான். நாளைக்கே பழசாகிவிடும் பெயர் எதற்கு? ‘அழுத்த உணரி’ இரண்டுக்கும் பொருந்தும்.

சுவிட்சைச் சுவிட்ச் என்றே விடலாம் என்பது என் பக்கம். ‘சாவி’ என்று பழைய இயற்பியல் நூல்களில் உண்டு. ஆனால் காரில் சாவி என்றால் வண்டியைக் கிளப்பும் சாவி. ‘ஆளி’ இலங்கையில் சரி, இங்கே சொன்னால் ஆளி விதை என்பார்கள்.

மின்சாரம் இல்லாமல் ஓடும் பொறிமுறை மானிக்கு உணரியே கிடையாது. எண்ணெயே மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டு வரை ஏறி வந்து, 1849இல் யூஜீன் பூர்தோன் காப்புரிமை வாங்கிய அந்த வளைந்த தட்டைக் குழாயை நிமிர்த்தி முள்ளை நகர்த்தும். நம்பகமானது. ஆனால் நைலான் குழாய் வெடித்தால் கொதிக்கும் எண்ணெய் ஓட்டுநரின் காலில். அந்தக் குழாய்க்கு ‘தந்துகி’ வேண்டாம், அது ரத்தத்துக்கு இருக்கட்டும். நுண்குழாய் போதும்.

கடைசியாக, கம்பெனியில் வராமல் நாமே வாங்கி மாட்டுவதை என்ன சொல்வது? ‘பின்சந்தை’ யாருக்கும் புரியாது. ‘பின்பொருத்து’ என்றால் காரில் பின் என்பது டிக்கிப் பக்கம். ‘வெளிப்பொருத்து’ என்றால் பானெட் மேல் மாட்டுவார்கள். மக்கள் பேச்சில் ‘மீட்டர் தனியா போட்டிருக்கேன்’ என்பதுதான் வழக்கம். அதிலிருந்தே எடுத்துக்கொள்வோம்: தனிப்பொருத்து அழுத்தமானி.

இந்தச் சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ஓடுகிறதா என்று பாருங்கள்:

“எஞ்சின் ஆறியபின் எண்ணெய் வடிகட்டிக்கு அருகில் உள்ள அழுத்தச் சுவிட்சைக் கழற்றவும். அந்தத் துளையில் பித்தளை டீயை (T வடிவ இணைப்பை) மாட்டி, ஒரு கிளையில் பழைய சுவிட்சையும் மறு கிளையில் அழுத்த உணரியையும் பொருத்தவும். எச்சரிக்கை விளக்கை இழக்க வேண்டாம். மரை வகையைச் சரிபார்க்கவும்: அங்குலத்துக்கு 27 மரையும் 28 மரையும் முதல் இரண்டு சுற்று ஒன்றுபோலவே ஏறும், பிறகு இறுகிப் பாழாகும். ஒரே மின்முனை உள்ள உணரிக்கு எஞ்சின் உடலே புவியிணைப்பு (எர்த்). மரையில் டெஃப்ளான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் இணைப்பு கெட்டு, 10–180 வகை மானி உள்ளதைவிடக் கூடுதல் அழுத்தத்தைக் காட்டும். உணரி கனமானது, அதிர்வில் டீ விரிசல் விடாமலிருக்க, நெகிழ்குழாய் போட்டு உணரியைத் தனியே தாங்கியில் பொருத்துவது நல்லது. அப்போது உணரியின் உடலிலிருந்து தனிப் புவியிணைப்புக் கம்பி போட வேண்டும்.”

‘அழுத்தச் சுவிட்ச்’ என்று ஒற்று போட்டிருக்கிறேன். பிறமொழிச் சொல்லுக்கு முன் ஒற்று மிகாது என்று சொல்பவர்கள் இந்த இழையிலேயே மூன்று பேராவது இருப்பீர்கள். அதை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். டீயைப் பற்றி மட்டும் யாராவது நல்ல சொல் சொல்லுங்கள். ‘மூவழி இணைப்பு’ எனக்குத் தண்ணீர்த் தொட்டி வேலையைத்தான் நினைவுபடுத்துகிறது.