விசிறிப் புழு இறகை உதிர்த்துவிட்டது: இடம் மாற்றலாமா?

வணக்கம் நண்பர்களே. 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, 14 மாதம் ஆகிறது. ஒப்படர்த்தி (நீரின் உப்பளவைக் காட்டும் எண்) 1.025, வெப்பம் 25 டிகிரி, அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 5 பிபிஎம். ஃபெதர் டஸ்டர் எனும் விசிறிப் புழு ஒன்றை, அது வாழும் குழாயின் அடிநுனி மணலில் புதையும்படி, இரண்டு பாறைகளுக்கு நடுவே சாய்த்து வைத்திருக்கிறேன். பசை போடவில்லை; போட்டால் தோல் போன்ற அந்தக் குழாய்க்குள் புழுவே ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

வைத்த ஒன்பதாம் நாள், உணவைப் பிடிக்கும் விசிறி போன்ற இறகு முழுவதையும் உதிர்த்துவிட்டது. குழாய் இன்னும் விறைப்பாக இருக்கிறது, நாற்றமில்லை. ஆகவே புழு உயிரோடுதான் இருக்க வேண்டும். சில வாரங்களில் புது இறகு வரும் என்பது தெரியும். ஆனால் பட்டினியால் உதிர்த்திருந்தால் அது சிறியதாகத்தான் முளைக்கும், அதுதான் கவலை.

வாரம் மூன்று முறை, ரிட்டர்ன் பம்பை (வடிகட்டிய நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது) 20 நிமிடம் நிறுத்தி 5 மில்லி ஃபைட்டோபிளாங்டன் (நுண்பாசி உணவு) விடுகிறேன். நுரையாகக் கழிவை எடுக்கும் ஸ்கிம்மர் மட்டும் ஓடுகிறது. அதையும் நிறுத்த வேண்டுமா? அலை பம்பு நேரே 30 செ.மீ. தூரத்தில் இருக்கிறது; ஓட்டம் அதிகமோ? பெப்பர்மின்ட் இறால் இரண்டு உண்டு, இரவில் அவை இறகைக் கடித்திருக்குமா? இறகில்லாத இந்த நேரத்தில் புழுவை நகர்த்தலாமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.