ஸ்கோப்ல "விலங்கியல் எல்லாமே"ன்னு போட்டுட்டு 3 நாள்ல திருப்பி அனுப்பிட்டாங்க, ஏன்?

முந்திரித்தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம். ஜுவாலஜி பிஹெச்டி, 3வது வருஷம். காலேஜ் கேம்பஸ், பக்கத்துல இருக்குற முந்திரித் தோப்பு ரெண்டுலயும் 14 மாசம் சுத்தி குதிக்கும் சிலந்தி மட்டும் 42 வகை பிடிச்சு லிஸ்ட் போட்டு பேப்பர் எழுதினேன். ஒரு வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பினேன், பேர் வேணாம். அவங்க ஸ்கோப் பக்கத்துல, அதாவது என்னென்ன மாதிரி பேப்பர் எடுப்போம்னு போட்டிருக்கற பக்கத்துல, சூழலியல், நடத்தை, உடலியல், பரிணாமம், வகைப்பாடு எல்லாம் வரிசையா இருக்கு, சரி நம்மளுது வகைப்பாடு தானேன்னு அனுப்பினா மூணே நாள்ல "அவுட் ஆஃப் ஸ்கோப்"னு ஒரே வரில மெயில். ரிவ்யூவருக்கே போகல. கைடு கிட்ட சொன்னா "ஸ்கோப்பைப் படிச்சியாம்மா"ங்கறார். படிச்சேன் சார், அதனால தானே அனுப்பினேன்! என்ன தான் பாக்கறாங்க இவங்க?

பழைய ரெஃப்ரீ:
நீங்க படிச்சது பாடப் பட்டியல மட்டும். அதுக்கு மேல ரெண்டு வரி இருந்திருக்கும், அத எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. நீங்க அனுப்பினது எதுன்னு எனக்குத் தெரியாது, அதனால பொதுவா ஒண்ணு சொல்றேன். லண்டன் ஜுவலாஜிகல் சொசைட்டியோட ஜர்னல் ஆஃப் ஜுவாலஜி இருக்கே, 1830லேர்ந்து ஏதோ ஒரு பேர்ல வந்துக்கிட்டிருக்கு, அவங்க பட்டியல்லயும் நடத்தை, உடலியல், வகைப்பாடு எல்லாம் உண்டு. ஆனா அதுக்கு முன்னாடியே ஹைபோதிசிஸ் (சோதிச்சுப் பாக்கற மாதிரி ஒரு ஊகம்) வெச்சு செஞ்ச வேலை வேணும், நெறைய பேருக்கு ஆர்வம் வர்ற மாதிரி இருக்கணும்னு போட்டிருப்பாங்க. அந்த வரி தான் வாசல் கேட். பட்டியல் வெறும் அந்த வாசலுக்கு உள்ள இருக்குற ரூம் கணக்கு. "இந்த ஊர்ல இன்னின்ன சிலந்தி இருக்கு"ங்கறது தகவல், நல்ல தகவல் தான், ஆனா அதுல கேள்வி எங்க இருக்குன்னு எடிட்டர் தேடியிருப்பார், கிடைக்கலன்னா மூணு நாளே அதிகம்.

இன்னொண்ணு, ஸ்கோப் பக்கம் பெரும்பாலும் வருஷக்கணக்கா மாத்தாம கெடக்கும், எடிட்டர் மாறினா ருசி மாறிடும். அதனால கடைசி ரெண்டு வருஷ இஷ்யூவோட உள்ளடக்கத்த மட்டும் எடுத்து வெச்சு உங்கள மாதிரி பேப்பர் எத்தனைன்னு எண்ணுங்க. ஒண்ணு கூட இல்லேன்னா அது உங்களுக்கான எடம் இல்ல.

தவளக்கல்லு:
அக்கா எனக்கும் இதே கதை தான், என்னுது தவளை. லிஸ்ட் பேப்பருக்குன்னே செக் லிஸ்ட்னு ஒரு ஜர்னல் இருக்கு, வகைகளோட பட்டியல், எங்கெங்க பரவியிருக்குங்கற பதிவு, இது தான் அவங்க வேலையே. நம்ம ஊர்ல கோயம்புத்தூர்லேர்ந்து ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா வருது, முன்ன ஜூஸ் பிரிண்ட் ஜர்னலா இருந்துச்சு, 2009லேர்ந்து இந்தப் பேர். பேர்ல த்ரெட்டண்ட்னு இருக்கேன்னு பயப்படாதீங்க, அழிவுல இருக்கற உயிரி மட்டும்னு இல்ல, பாதுகாப்புக்கு உதவுற பதிவு எல்லாம் போடுவாங்க, செடி பூஞ்சை கூட வரும். ஜூடாக்ஸாவும் யோசிச்சேன், ஆனா அது முழுக்க வகைப்பாடு, அதுலயும் ஒரு குழுவ முழுசா அலசற பெரிய ரிவிஷன், மோனோகிராஃப்னா தான் முன்னுரிமை. ஓபன் ஆக்சஸ் (யார் வேணா இலவசமா படிக்கறது) வேணாம்னா காசு கேக்க மாட்டாங்க, அது பெரிய விஷயம். ஜூகீஸ்னு இன்னொரு வகைப்பாட்டு ஜர்னல், முழுக்க ஓபன், ஆனா காசு உண்டு.

கைடு இம்பாக்ட் ஃபாக்டர் (ஒரு ஜர்னல் பேப்பர்கள சராசரியா எத்தனை தடவை மேற்கோள் காட்டறாங்கங்கற கணக்கு) கேட்டா ஒரு கதை சொல்லுங்க. 2020ல செல்ஃப் சைட்டேஷன், அதாவது அதே ஜர்னல் பேப்பர அதே ஜர்னல்லயே மேற்கோள் காட்டறது, ஜாஸ்தின்னு அந்தக் கணக்கு போடற கிளாரிவேட் கம்பெனி ஜூடாக்ஸாவ லிஸ்ட்லேர்ந்தே தூக்கிட்டாங்க. புது வகைங்கள்ல ஏகப்பட்டது அங்க தான் வருது, அடுத்த ஆளு அத சைட் பண்ணாம எப்படி எழுதுவான்? உலகம் பூரா டாக்ஸானமிஸ்ட்டுங்க சத்தம் போட்டதும் திரும்பச் சேத்துட்டாங்க.

லைப்ரரி மேஜை:
குறுக்க வர்றேன். சுருக்கமான ஸ்கோப்பப் பாத்து பயப்படாதீங்க, நீளமான ஸ்கோப்பப் பாத்து பயப்படுங்க. எனக்கு வாரம் ரெண்டு மெயில் வருது, விலங்கியல்ல ஆரம்பிச்சு நானோ, யோகா, வணிகவியல் தாண்டி மேனேஜ்மென்ட்ல போய் நிக்கும், 48 மணி நேரத்துல அக்செப்டன்ஸ். எல்லாத்துக்கும் எடம் இருக்குன்னா அது ஜர்னல் இல்ல, கல்யாண மண்டபம். நம்பகமான ஜர்னல்னு யுஜிசி போட்டு வெச்சிருந்த கேர் லிஸ்ட்டையும் 2025ல எடுத்துட்டாங்க, இனிமே அந்தந்த யுனிவர்சிட்டியும் நாமளும் தான் பாத்துக்கணும்.

முந்திரித்தோப்பு:
@பழைய ரெஃப்ரீ சார், எண்ணிப் பாத்தேன். ரெண்டு வருஷத்துல ஒரு லிஸ்ட் பேப்பர் கூட இல்ல 🙈 கைடு சொன்னது சரி தான், அவர்ட்ட சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு டவுட். முந்திரி மரத்துல முசுறு இலையெல்லாம் சேத்துத் தச்சுக் கூடு கட்டியிருக்கும்ல, அதே மரத்துல அந்த எறும்பு மாதிரியே ஒரு சிலந்தி இருக்கு. முன்னங்கால் ரெண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிட்டே நடக்கும், மொதல்ல நானே எறும்புன்னு விட்டுட்டேன். ஆண் சிலந்திக்குத் தாடை அப்படியே முன்னாடி நீட்டிட்டு இருக்கும், எறும்பு ஒண்ணு இன்னொண்ணத் தூக்கிட்டுப் போற மாதிரி தெரியும். கூடு இருக்குற மரத்துல எத்தனை, இல்லாத மரத்துல எத்தனைன்னு மாசாமாசம் எண்ணி வெச்சிருக்கேன், கடி வாங்கினது தனிக் கணக்கு. இத பேப்பர்ல 11வது பக்கத்துல ரெண்டு வரியா போட்டிருந்தேன்.

பழைய ரெஃப்ரீ:
அடடா. அத போய் 11வது பக்கத்துல பொதைச்சு வெச்சிருக்கீங்களேம்மா! அது தான் கேள்வி. எறும்பு போல இருக்கறது எறும்புக் கூட்டத்துக்குப் பக்கத்துல இருந்தா தான் பிரயோஜனமா, தள்ளிப் போனாலும் பிரயோஜனமா? மரவாரியா எண்ணிக்கை இருக்கு, மாசம் இருக்கு. அத தனியா எழுதினா உங்கள திருப்பி அனுப்பின எடத்துக்கே ஒரு புது பேப்பரா அனுப்பிப் பாக்கலாம். லிஸ்ட்ட தம்பி சொன்ன எடத்துக்கு அனுப்புங்க. ரெண்டையும் ஒரே பேப்பர்ல திணிச்சதுல தான் ரெண்டும் கெட்டுச்சு.

42ல புது வகை ஏதாவது இருக்கும்னு சந்தேகம் உண்டா?

முந்திரித்தோப்பு:
ரெண்டு இருக்கு சார். பேரும் யோசிச்சு வெச்சிருக்கேன்.

பழைய ரெஃப்ரீ:
அந்தப் பேர லிஸ்ட்லயும் போடாதீங்க, தீசிஸ்லயும் போடாதீங்க, இங்கயும் சொல்லாதீங்க. வகைப்பாட்டு ஜர்னல்ல முறையா வரட்டும். ஆன்லைன்ல மட்டும் வர்ற ஜர்னலா இருந்தா ஜூபேங்க்ல (விலங்குப் பேர்களுக்கான ஆன்லைன் பதிவேடு) பதிவு செஞ்சிருக்கணும், அது பேப்பர்லயே தெரியணும், விலங்குகளுக்குப் பேர் வெக்கற விதிகள்ல வந்த 2012 திருத்தத்துக்கு அப்புறம் அப்படித் தான், இல்லேன்னா அந்தப் பேர் செல்லாது. ஹோலோடைப் (அந்தப் பேருக்கு ஆதாரமா வெக்கற ஒரே சாம்பிள்) எது, எந்தக் கலெக்‌ஷன்ல இருக்குன்னும் எழுதணும். உயிரியல் பன்மைச் சட்டப்படி புது வகைன்னா தகவல் சொல்லி சாம்பிளையும் ஒப்படைக்கணும், விலங்குக்கு ஜுவலாஜிகல் சர்வே ஆஃப் இந்தியா தான். சென்னை சாந்தோம்ல அவங்க ஆபீஸ் இருக்கு, போய்க் கேளுங்க. சாம்பிள் எல்லாம் இப்ப எங்க இருக்கு?

முந்திரித்தோப்பு:
லேப்ல, ஹார்லிக்ஸ் பாட்டில்ல 😬

தவளக்கல்லு:
அக்கா மொதல்ல போய் ஆல்கஹால் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க, அந்த மூடி வழியா ஆவியாப் போயிடும். என்னோட ரெண்டு தவளை அப்படித் தான் கருவாடாச்சு.