ரிவியராவில் டைகர் வுட்ஸ் இனி ஒருமுறையாவது வெல்வாரா?

கரோல்பாக் வாசகன்:

ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், டெல்லியில் உள்ள எங்கள் வீட்டில் விடியற்காலை நான்கரை மணிக்கே விளக்கு எரியும். லாஸ் ஏஞ்சலிஸில் அப்போது ஞாயிறு பிற்பகல். ரிவியரா கோல்ஃப் மைதானத்தில் கடைசிச் சுற்று முடியும் தறுவாயில் இருக்கும். ஓய்வுபெற்ற என் பெரியப்பாவும் நானும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஆளுக்கொரு டம்ளர் காபியுடன் உட்காருவோம்; டைகர் வுட்ஸ் அன்று ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவரைப் பற்றிய அதே வாக்குவாதம் தொடங்கிவிடும்.

2014 பிப்ரவரியில் டைகர் டெல்லி கோல்ஃப் கிளப்புக்கு வந்து காட்சி ஆட்டம் ஆடியபோது நேரில் பார்த்தவர் பெரியப்பா. லால் பங்களா கல்லறை மாடங்களுக்கும் மயில்களுக்கும் நடுவே அவர் பந்தடித்த காட்சியைக் கண்ட நாள் முதல், அவரால் வெல்ல முடியாத மைதானம் உலகில் இல்லை என்பது பெரியப்பாவின் கட்சி. ரிவியராவை நான் காட்டினால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

டைகர் தம் 16ஆம் வயதில், 1992இல், முதன்முதலாக பிஜிஏ டூர் என்னும் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரின் போட்டி ஒன்றில் ஆடியது அங்கேதான். அவர் வளர்ந்ததும் அதே தென் கலிபோர்னியாவில்தான். இன்று அந்தப் போட்டியை நடத்தும் பொறுப்பும் அவருடையதே. 82 பட்டங்கள் வென்ற அவருக்கு அந்த மைதானம் வசப்படவில்லை. 1999இல் வென்ற எர்னி எல்ஸைவிட இரண்டு அடி கூடுதலாக எடுத்து (குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார்), வேறு இருவருடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்ததே அங்கு அவர் எட்டிய உச்சம். மைதானத்தில் அப்படி என்ன இருக்கிறது, ஐம்பது வயதைக் கடந்துவிட்ட அவருக்கு இனி வாய்ப்பு உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால், அடுத்த பிப்ரவரிக்குள் எங்கள் வழக்கு தீரும்.

குன்னூர்க்காரன் (மயூர் விகார்):

முதல் கேள்விக்கு என் விடை புல். ரிவியராவில் ஃபேர்வே என்னும் ஆட்டப் பாதையிலும், குழி இருக்கும் கிரீன்களைச் சுற்றிலும் இருப்பது கிக்குயு என்னும் ஆப்பிரிக்கப் புல். நீலகிரியில் வளர்ந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை; எங்கள் வீட்டுப் பின்புறச் சரிவில் மாடு மேய்ந்ததும் அதுதான். தண்டு கயிறு போலத் தரையோடு பின்னிக்கொண்டு ஓடும். விரலை விட்டு இழுத்தால் முழ நீளத்துக்கு உரிந்து வரும். பள்ளி நாட்களில் டென்னிஸ் பந்தை அதில் எறிந்தால் எகிறாது, மெத்தையில் விழுந்ததுபோல் விழுந்த இடத்திலேயே அமுங்கிக் கிடக்கும். கிரீனுக்கு முன்னால் பந்தைத் தரையில் குத்தவிட்டு உருட்டி ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவரை இந்தப் புல் கவிழ்த்துவிடும். பந்து அதற்குள் இறங்கிவிட்டால், கழியின் அடிப்பாகம் பந்தைத் தொடுவதற்கு முன்பே புல்லில் மாட்டிக்கொள்ளும். கிரீனிலோ போவா என்னும் வேறு புல். பிற்பகலாக ஆக அது சீரின்றி வளர்ந்து, நேராகத் தள்ளிய பந்தைக்கூட ஓரிரு இடங்களில் துள்ளவைக்கும்.

இதற்கு மேல் மைதானத்தின் அமைப்பு. ஜார்ஜ் தாமஸ் வடிவமைத்து 1926இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தில் ஏமாற்றும் இடங்கள் ஏராளம். ஆறாவது குழியின் கிரீனுக்கு நடுவிலேயே ஒரு மணல் பள்ளம் இருக்கிறது. பத்தாவது குழி 315 கஜம்தான். இன்றைய ஆட்டக்காரர்கள் ஒரே அடியில் கிரீனை எட்டிவிடலாம். அந்த ஆசையைக் காட்டித்தான் அது ஆளை விழுங்குகிறது. கிரீன் நாக்குப் போல ஒடுங்கி, குறுக்காகச் சாய்ந்து கிடக்கும். சற்றுத் தவறிய பந்து மணலில் விழும், அங்கிருந்து மென்மையாக எடுத்துவிட்டாலும் மறுபக்கம் வழிந்து அங்கேயும் மணலில் இறங்கும். பட்டம் வெல்லும் நிலையில் இருப்பவர்கள் அங்கே இரண்டு அடிகளை இழந்து திரும்புவதைத் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இடது கை ஆட்டக்காரர்களின் ஆதிக்கம். மைக் வியர் 2003, 2004. ஃபில் மிக்கல்சன் 2008, 2009. பப்பா வாட்சன் 2014, 2016, 2018. பதினாறு ஆண்டுகளில் ஏழு பட்டங்கள் இடது கைக்குப் போயிருக்கின்றன. பந்து வலமிருந்து இடமாக வளைய வேண்டிய இடங்களில், வலது கைக்காரர் கட்டுப்படுத்தக் கடினமான டிரா (தம் பக்கமாக வளையும் அடி) அடிக்க வேண்டியிருக்க, இடது கைக்காரர் தம் வசத்தில் உள்ள ஃபேடை (வெளிப்பக்கம் வளையும் அடி) அடித்தே தப்பித்துக்கொள்வார் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். டைகர் வலது கைக்காரர்.

லோதி காலனி:

குன்னூர் நண்பரின் புல் புராணம் சுவையாக இருக்கிறது, ஆனால் நிற்காது. சான் டியாகோவின் டோரி பைன்ஸ் மைதானத்திலும் கிரீனில் போவா, வெளியே கிக்குயு. அங்கே டைகர் 2008 யு.எஸ். ஓப்பனையும் சேர்த்து எட்டு முறை வென்றார். பெபிள் பீச்சின் கிரீனிலும் போவாதான். 2000இல் அங்கே யு.எஸ். ஓப்பனை 15 அடி வித்தியாசத்தில் வென்றார். இடது கை வாதமும் அப்படியே. வியர், மிக்கல்சன், வாட்சன் மூவரும் அகஸ்டா மைதானத்தில் மாஸ்டர்ஸ் போட்டியையும் வென்றவர்கள். மூவருமாகச் சேர்ந்து ஆறு. வலது கைக்காரரான டைகர் ஒருவரே அங்கு ஐந்து.

புள்ளிவிவரத் துறையில் இருந்தவன்:

காரணம் தேடுவதற்கு முன், காரணம் தேவைப்படும் அளவுக்கு இது வியப்பானதா என்று பார்க்கலாம். தொழில்முறை ஆட்டக்காரராக, உச்சத்தில் இருந்த காலத்தில், அதாவது 1997 முதல் 2006 வரை, டைகர் ரிவியராவில் இறங்கியது எட்டு முறைதான். அவற்றில் கடைசியான 2006இல் காய்ச்சலால் பாதியில் விலகினார். 1998இல் இதே போட்டியில் பில்லி மேஃபேரிடம், சமநிலையை முறிக்க நடக்கும் பிளேஆஃபில் தோற்றார், ஆனால் அது ரிவியராவிலேயே நடக்கவில்லை. அந்த ஆண்டு யு.எஸ். சீனியர் ஓப்பன் ரிவியராவுக்குப் போனதால் இந்தப் போட்டி வலென்சியாவுக்கு மாற்றப்பட்டிருந்தது. (பிஜிஏ டூரில் டைகர் ஆடிய பன்னிரண்டு பிளேஆஃப்களில் தோற்றது அது ஒன்றில்தான்.) 2007 முதல் 2017 வரை, முழங்காலும் முதுகும் படுத்திய ஆண்டுகள் உட்பட, அவர் அங்கே போகவேயில்லை.

உச்ச காலத்தில் அவர் ஏறக்குறைய நான்கு போட்டிக்கு ஒன்று வென்றார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போட்டியில் வெல்லாமல் போக முக்கால் வாய்ப்பு. முக்காலை முக்காலால் எட்டு முறை பெருக்கினால் பத்தில் ஒன்று வருகிறது. பத்து மைதானங்களில் அடிக்கடி ஆடும் ஒருவருக்கு, அவற்றில் ஒன்று இப்படிக் கைநழுவுவதை இயல்பு என்றே கணக்கு சொல்லும். பே ஹில்லிலும் ஃபயர்ஸ்டோனிலும் எட்டெட்டு முறை வென்றதல்லவா உண்மையில் விளக்கம் கேட்க வேண்டிய விஷயம்? அதை யாரும் கேட்பதில்லை.

கரோல்பாக் வாசகன்:

கணக்கு ஐயாவுக்கு நன்றி. வலென்சியா விவரத்தைப் பெரியப்பாவே அறிந்திருக்கவில்லை. 1998ஐ ரிவியரா தோல்வி என்றே இத்தனை நாள் எண்ணி வருந்திக்கொண்டிருந்தார். ஆனால் ஓர் ஐயம். ஜாக் நிக்லஸும் ரிவியராவில் வென்றதில்லை. 1983 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஹால் சட்டனிடம் ஒரே அடியில் இழந்தார். விளையாட்டின் இரு பெரும் தலைகளுக்கும் ஒரே இடத்தில் வாசல் அடைபட்டிருப்பதையும் தற்செயல் என்றே கொள்வதா?

புள்ளிவிவரத் துறையில் இருந்தவன்:

கொள்ளலாம். அதே ரிவியராவில் பென் ஹோகன் 1947, 1948 ஆண்டுகளின் லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பனையும் (இதே போட்டியின் பழைய பெயர்) 1948 யு.எஸ். ஓப்பனையும் வென்றார், அந்த இடத்துக்கு அவர் பெயராலேயே ‘ஹோகன் சந்து’ என்ற பட்டப்பெயர் வந்தது. பெரிய ஆட்டக்காரர்களை விரட்டும் மைதானம் என்றால் அவரையல்லவா முதலில் விரட்டியிருக்கும்?

குன்னூர்க்காரன் (மயூர் விகார்):

லோதி காலனி நண்பர் சொன்னதில் நியாயம் உண்டு. புல் மட்டுமே காரணம் என்று நான் எழுதியது மிகை. திருத்திச் சொல்கிறேன். டோரி பைன்ஸ் நீண்ட மைதானம். இளமைக் கால டைகரின் தூரம் அங்கே கூலி கொடுத்தது. ரிவியராவில் தூரத்துக்குக் கிடைக்கும் கூலி குறைவு, ஏனெனில் கிரீனின் எந்தப் பக்கத்திலிருந்து அணுகுகிறோம் என்பதில்தான் அங்கே பாதி ஆட்டம் தீர்கிறது. மைதானம் தம் கண்ணுக்குப் பொருந்துகிறது, ஆனாலும் அங்கே மோசமாகவே ஆடுகிறேன் என்ற பொருளில் டைகரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவருக்கே பிடிபடாத ஒன்றை டெல்லியில் உட்கார்ந்துகொண்டு நான் தீர்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது இனி வாய்ப்பு உண்டா என்பதற்கு, எனக்குத் தயக்கமில்லை: இல்லை. தடையாக இருப்பது புல்லுமல்ல, கணக்குமல்ல, கால். 2021 பிப்ரவரியில் ரிவியரா போட்டி முடிந்த இரண்டாம் நாள் நடந்த கார் விபத்தில் அவருடைய வலது கால் நொறுங்கியது. 2023இல் கணுக்கால் மூட்டை இணைக்கும் அறுவைச் சிகிச்சை, 2025 மார்ச்சில் இடது குதிகால் தசைநார் அறுந்தது, அதே ஆண்டு அக்டோபரில் முதுகுத்தண்டில் வட்டு மாற்றம். ரிவியராவில் கிளப் கட்டடம் குன்றின் மேல் இருக்கிறது. முதல் குழியில் அடிக்கும் பந்து 75 அடி ஆழப் பள்ளத்தை நோக்கிப் பறக்கும், பிறகு ஆட்டக்காரர் அந்தச் சரிவில் இறங்கி நடக்க வேண்டும், பதினெட்டாவது குழியில் மீண்டும் அந்த மேட்டையே ஏற வேண்டும். இப்படி நான்கு நாட்கள். டூர் போட்டிகளில் வண்டியில் போக மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கடைசி மூன்று குழிகளிலும் பர்டி (குறித்த அளவைவிட ஓர் அடி குறைவு) அடித்து 69 அடிகளில் முடித்தார், சனிக்கிழமை 67. எங்கள் வீட்டிலும் அன்று ஆரவாரம்தான். ஆனால் ஞாயிறு முடிந்தபோது வென்ற ஜான் ரஹ்முக்கு அவர் 16 அடிகள் பின்னால் இருந்தார். மறு ஆண்டு இரண்டாம் சுற்றிலேயே காய்ச்சலுடன் வெளியேறினார். ஒரு நாள் 67 அடிப்பது அந்தக் கைகளுக்கு இன்றும் எட்டாததன்று. அடுத்தடுத்து நான்கு நாட்கள் அடிப்பதற்குத்தான் உடல் இடம் கொடுக்காது.

லாடோ சராய் ஞாயிறு ஆட்டக்காரன்:

‘இல்லை’ என்ற சொல்லை இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல வேண்டாமே, ஐயா. சாம் ஸ்னீட் 1965இல் கிரீன்ஸ்பரோவில் வென்றபோது அவருக்கு 52 வயது. மிக்கல்சன் 2021இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றது 50 வயதில். ஆனால் இருவருக்கும் கால் இருந்தது என்று நீங்கள் சொல்வீர்கள், அதற்கு என்னிடம் பதிலில்லை. நூற்றில் ஒன்றுக்கும் கீழே என்று போட்டுக்கொள்ளுங்கள். பூஜ்யம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கரோல்பாக் வாசகன்:

எல்லாவற்றையும் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கால் பற்றிய பத்தியின்போது குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்; அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு ஸ்னீட் வென்ற நாளில் அவருடைய வயது எத்தனை ஆண்டு, எத்தனை மாதம் என்று கேட்டார். 52 ஆண்டு, 10 மாதம், 8 நாள் என்று தேடிச் சொன்னேன். டைகர் 1975 டிசம்பர் 30இல் பிறந்தவர் ஆதலால், அந்த வயதை 2028 நவம்பரில்தான் எட்டுகிறார். அதற்கு முன் எத்தனை பிப்ரவரிகள் வருகின்றன என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே காபி கலக்க உள்ளே போய்விட்டார். வழக்கு தீரவில்லை.