நம்ம வீடு குழு: இசக்கியின் படத்துக்குப் பணம் சேர்ப்பது

இசக்கி: எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வந்தபோது சொன்ன ஆவணப்படத்துக்குப் பணம் திரட்டத் தொடங்குகிறோம். நம் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் வயல், தறி, பானை, பாய், அப்பளம் என்று பிழைக்கிறவர்களை ஒரு வருஷம் கூடவே இருந்து எடுக்கிற படம். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ரயில் நிற்கிற ஊர்கள். ஸ்டேஷன் இல்லாத பத்தமடையும் உண்டு. மொத்தச் செலவு 6 லட்சம். ஒரே ஆளிடம் வாங்காமல் நிறையப் பேரிடம் சின்னச் சின்னத் தொகையாக வாங்க நினைக்கிறோம்.

பெரியப்பா: நல்ல காரியம் தம்பி. ஆனால் இருநூறு, ஐநூறாக வாங்கி 6 லட்சம் எப்போது சேரும்? டவுனில் எனக்குப் பழக்கமான ஜவுளிக்கடை முதலாளி இருக்கிறார். கேட்டால் மொத்தமாகவே தருவார்.

இசக்கி: தருவார் பெரியப்பா. ஆனால் ஒரு கைத்தறிச் சேலைக்கு நெசவாளி கையில் என்ன கூலி வருகிறது, அதே சேலை கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று படத்தில் காட்ட வேண்டும். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு அதை எப்படிக் காட்டுவது?

பெரியப்பா: ம். அதுவும் சரிதான்.

துபாய் சித்தப்பா: ஏலே, ஒரு படத்துக்கு ஒரு வருஷமா? ட்ரோன் விட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடுமே.

இசக்கி: மேலேயிருந்து பார்த்தால் எல்லா ஊரும் பச்சைப்பசேல் என்று ஒன்றுபோலத்தான் தெரியும் சித்தப்பா. ஜூனில் பாபநாசம் அணை திறந்தால் கார் பருவ நெல் நடவு. அப்புறம் பிசானப் பருவ நெல், அதற்கு மாசி பங்குனியில் அறுப்பு. காருகுறிச்சியில் அடைமழைக் காலத்தில் பானை காயாது, சூளை வைக்க முடியாது. ஆனால் கார்த்திகை விளக்கும் பொங்கல் பானையும் அந்த மழையை ஒட்டித்தான் விற்கும். கல்லிடைக்குறிச்சி அப்பளமும் வெயிலை நம்பித்தான். வெயிலிலும் மழையிலும் போய் இருந்து எடுத்தால்தான் அந்தப் பிழைப்பு புரியும்.

துபாய் சித்தப்பா: சரிப்பா. ட்ரோன் பேச்சை விட்டுவிட்டேன்.

வீரவநல்லூர் அத்தை: நான் ஒன்று கேட்கட்டுமா இசக்கி. முன்னே ஒரு தடவை எங்கள் தெருவுக்கு டிவிக்காரர்கள் வந்தார்கள். குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவை மெதுவாக விடுங்கள், மறுபடி விடுங்கள் என்று தறியை நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னார்கள். அந்தக் குறுக்கு நூல், ஊடை, சீராக விழவில்லை. அவர்கள் போன பிறகு அந்த இடத்தைப் பிரித்து மறுபடி நெய்தோம். எங்களுக்குக் கூலி சேலைக் கணக்கு, மணிக் கணக்கு கிடையாது. அரை நாள் தறி நின்றால் அது எங்கள் நஷ்டம்தான். அப்புறம், தார் சுற்றுகிற, அதாவது நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற, பொம்பளைகளை அவர்கள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் இல்லாமல் தறி ஓடுமா? ஊருக்காக எடுக்கிற படம் என்றால், எந்த வீட்டில் வேலை நிற்கிறதோ அந்த வீட்டுக்கு அன்றைக்கு உள்ள கூலியைக் கொடுத்துவிடு. அதைத் தானம் மாதிரி கொடுக்காதே, கணக்கில் எழுதிக் கொடு.

இசக்கி: கட்டாயம் அத்தை. செலவுப் பட்டியலில் கேமரா வாடகைக்கும் மேலே அதைத்தான் எழுதுகிறேன். தறிக்கு மட்டும் இல்லை, பத்தமடையில் பாய்க்குக் கோரைப் புல் கிழிக்கிறவர்களுக்கும் சேர்த்து. பட்டு மாதிரி மெல்லிசான பட்டுப்பாய்க்குக் கோரையை ஆற்றில் ஊறப்போட்டு மெல்லிசாகக் கிழிப்பதுதான் பெரிய வேலை. பாய் பேர் வாங்குகிற அளவுக்கு அதைச் செய்கிறவர்கள் கண்ணில் படுவதில்லை.

செண்பகம் அக்கா: ஆடிட்டர் ஆபீஸில் இருப்பதால் சொல்கிறேன், தம்பி. உன் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதே. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று தனிக் கணக்கு திறங்கள். லாபத்தில் பங்கு தருகிறோம் என்று யாரிடமும் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அது முதலீடு ஆகி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியின் விதிகளுக்குள் போய்விடும். வரிவிலக்கு உண்டு என்றும் சொல்லாதீர்கள். வருமான வரித் துறையிடம் அதற்கென்று அனுமதி வாங்கிய அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

துபாய் சித்தப்பா: நாங்கள் இங்கேயிருந்து அனுப்பலாமா? என் ரூமிலேயே மூணு பேர் அம்பாசமுத்திரம் பக்கம்.

செண்பகம் அக்கா: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம் சித்தப்பா. அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்துகிற எஃப்சிஆர்ஏ சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்களிடம் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். எங்கள் ஆடிட்டரிடம் தெளிவாகக் கேட்டுச் சொல்கிறேன்.

இசக்கி: சரி அக்கா. இணையத்தில் பணம் திரட்டுகிற தளம் ஒன்றையும் பார்த்தோம். குறித்த நாளுக்குள் முழுத் தொகை சேராவிட்டால் கொடுத்தவர்களுக்கே பணம் திரும்பிவிடும்.

செண்பகம் அக்கா: அதுதான் நல்லது. பாதிப் பணத்தில் தொடங்கி நடுவில் நிற்பதைவிட மேல். தளத்துக்காரர்கள் பிடித்துக்கொள்கிற கமிஷனையும் சேர்த்து இலக்கை வை.

பெரியப்பா: இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஷியாம் பெனகலின் மந்தன், 1976. குஜராத்தில் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். கதையும் அவர்கள் கதைதான். நம் கோயில் கொடைக்கு வரி பிரிப்பது போலத்தான் இதுவும். நோட்டில் எல்லார் பேரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். முதலாளியிடம் நான் பேசவில்லை. அவரும் மற்றவர்கள் மாதிரி ஐநூறு போடட்டும். ஆனால் ஒன்று, கொடை வரி போல வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்துவிடாதே. கூலிக்காரக் குடும்பத்துக்கு அது பாரம்.

இசக்கி: வைக்க மாட்டோம் பெரியப்பா. இருபது ரூபாய் கொடுத்தாலும் படத்தின் கடைசியில் பேர் வரும்.

வீரவநல்லூர் அத்தை: படத்தை முதலில் எங்கே காட்டுவாய்? வெளிநாட்டு விழா, சென்னை என்று போய்விட்டு எங்களுக்கு யூடியூப் லிங்க் அனுப்பினால் நான் பார்க்க மாட்டேன்.

இசக்கி: ஒவ்வொரு ஊரிலும் திரை கட்டி, அந்தந்த ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில் அத்தை. பிடிக்காததைச் சொன்னால் வெட்டிவிட்டுத்தான் வெளியே அனுப்புவோம். அதற்கு ஆகும் செலவும் அந்த 6 லட்சத்துக்குள்தான்.

வீரவநல்லூர் அத்தை: அப்படியென்றால் என் பேரில் ஐநூறு. பக்கத்து வீட்டில் தார் சுற்றுகிற அக்காவும் நூறு தருகிறாளாம், பேர் எழுதிக்கொள்.

செண்பகம் அக்கா: கணக்கு திறக்கும் வரை யாரும் பணம் அனுப்பாதீர்கள். இசக்கி, திங்கட்கிழமை காலையில் ஆதார், பான் இரண்டையும் எடுத்துக்கொண்டு வங்கிக்கு வா. கையெழுத்துப் போடுகிற இன்னொருவர் யார் என்று அதற்குள் முடிவு பண்ணுங்கள்.

துபாய் சித்தப்பா: அக்காவையே போடுங்கள்.

பெரியப்பா: எனக்கும் சம்மதம்.