கண்ணை மறைச்சுப் பார்த்தா பிள்ளைக்கு வாக்குக் கண் (மாறுகண்) வருமோ?

குளக்கட்டுக்காரி (ஒட்டுசுட்டான்):
மகளுக்கு நாலரை வயது. "வெயிலுக்கை நிண்டா ஒரு கண்ணைப் பூட்டுறா, ஒருக்காக் காட்டுங்கோ" எண்டு முன்பள்ளி ரீச்சர் சொல்ல, போன கிழமை கண் கிளினிக்குக்குக் கொண்டு போனனான். டொக்டர் முதல்ல ரோச் அடிச்சுப் பார்த்தார். பிறகு தூரத்துச் சுவரில தொங்கின கலண்டர் மயிலைப் பார்க்கச் சொல்லிப்போட்டு, கறுத்தக் கரண்டி மாதிரி ஒண்டால இடக்கண்ணை மறைச்சார். பிறகு வலக்கண். மாறி மாறி நாலைஞ்சு தரம். கடைசியா எடுக்கேக்கை பிள்ளையின்ர இடக்கண் காதுப்பக்கம் ஓடிப்போய் நிண்டது! கண்ணைச் சிமிட்டினாள், திரும்பி வந்திட்டுது. "கண் வெளியால ஓடுது, மூண்டு மாசத்தால வாங்கோ." அவ்வளவுதான். எனக்குப் பின்னால அவ்வளவு சனம், கேக்க வாய் வரேல்லை.

வீட்டை வந்து சொன்னா மாமி குதிக்கிறா: "நேரா இருந்த கண்ணை மறைச்சு மறைச்சுப் பிரட்டி விட்டிட்டாங்கள், இனிக் கொண்டு போகாதை." உண்மையா அப்பிடி வருமோ?

பழைய மிஸ்ஸி (வவுனியா):
வராது தங்கச்சி. ரெண்டு கண்ணும் திறந்திருக்கேக்கை மூளை ரெண்டு படத்தையும் ஒண்டாக்கப் பார்க்கும், அதுக்காகக் கண்ணை இழுத்துப் பிடிக்கும். ஒண்டை மறைச்சா பிடிக்கத் தேவையில்லை. நுகத்தை அவிட்டா மாடு தன்ர பாட்டுக்குப் போறமாதிரி.

டொக்டர் முதல்ல பார்க்கிறது மறைக்காத கண்ணை. மற்றதை மறைச்ச உடன இது அசைஞ்சு வந்து மயிலைப் பிடிச்சா, அதுவரைக்கும் வேற எங்கேயோ பார்த்துக்கொண்டு இருந்திருக்கு எண்டு அர்த்தம். மறைப்பை எடுக்கேக்கை மறைச்சிருந்த கண் தானா நேருக்கு வந்தா, அது ஒளிச்சிருக்கிற வாக்கு. உங்கட பிள்ளையின்ரது இடைக்கிடை ஓடுற சாதி போல கிடக்கு. வெயிலுக்கு ஒரு கண் பூட்டுறதும் அதோட வாறதுதான். இது தூரத்துக்குப் பார்க்கேக்கைதான் கூட ஓடும். மடியில வைச்சுப் பார்த்தா வடிவா நேரா இருக்கும். அதுதான் கிட்ட 33 சென்ரிமீற்றரிலும், தூர 6 மீற்றரிலும் ரெண்டு தரம் பார்க்கிறது.

ரோச் அடிக்கிறது வெளிச்சப்புள்ளி கண்மணியில எங்க விழுது எண்டு பார்க்க. நடுவில இருந்து 1 மில்லிமீற்றர் தள்ளினா ஏறக்குறைய 7 பாகை விலகல். சோதினைக்கு நேரம் சின்னன், விளக்கத்துக்கு அதைவிடச் சின்னன். அது எங்கட கிளினிக்குகளின்ர வியாதி.

புதுக்குடியிருப்பான்:
என்ர பெடியனுக்கு மூக்குப்பக்கம் போனது. ரோச்சுக்கு நேரா நிண்ட கண், கிட்டப் பிடிச்ச சின்ன எழுத்தைப் பார்க்கச் சொன்னவுடன உள்ளுக்க போட்டுது. வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூர்மையாக்கத் தேவையில்லையாம், எழுத்துக்குத் தேவையாம். சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்து, பிளஸ் கண்ணாடி குடுத்தவை. போட்டா நேர், கழட்டினா உள்ளுக்க. அக்கா, மூண்டு மாசத்தை விட்டிடாதேங்கோ. எங்கட ஆள் பிந்திப்போய், ஒரு கண் பார்வை சோம்பிப்போச்சு, இப்ப மற்றக் கண்ணுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு திரியுறான்.

குளக்கட்டுக்காரி:
மாமிக்கு வாசிச்சுக் காட்டினனான். நம்பேல்லை. விறாந்தையில வைச்சு, வேலிப் பனையில இருந்த காகத்தைக் காட்டி, கையால மறைச்சு எடுத்தன். கண் வெளியால ஓடித் திரும்பி வந்திச்சு. மாமி கனநேரம் கதைக்கேல்லை. பிறகு மெல்லமா, "இவளின்ர தேப்பனும் சின்னனில வெயிலுக்கு ஒரு கண்ணைத்தான் பூட்டுறவன்" எண்டுறா. மிஸ்ஸி, அவரையும் கொண்டு போகோணுமோ?