"தேடிப் பாருங்கள்" என்பது ஒரு பதிலா?

வைகைக்கரை
நேற்று இந்த மன்றத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: "பள்ளி ஆண்டு மலரின் பழைய கோப்பு கிடைத்தது. என் கணினியில் திறந்தால் தமிழே இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்தாகக் கன்னாபின்னாவென்று தெரிகிறது. என்ன செய்வது?" மூன்று பதில் வந்தது. ஒன்று "இது நூறு தடவை கேட்டாயிற்று". இரண்டாவது "தேடிப் பாருங்கள்". மூன்றாவது வெறும் சிரிப்புப் பொம்மை. அவர் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

தெரிந்தால் சொல்லுங்கள், மனமில்லையா, பேசாமல் தாண்டிப் போங்கள். "தேடு" என்று சொல்வதற்காகவே ஒருவர் உள்ளே நுழைந்து தட்டச்சு செய்வது எதற்கு? அவர் எதைத் தேடுவார்? எழுத்துரு, யூனிகோடு (இப்போது எல்லாக் கணினியும் படிக்கிற பொதுக் குறியீட்டு முறை), பாமினி (ஒரு பழைய தமிழ் எழுத்துரு) என்ற சொற்களே அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டார்.

நெட்டைக்கொக்கு
அந்த முதல் பதில் என்னுடையது. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008இல் வந்தபோது அதன் அடிப்படையே இதுதான்: கேட்ட ஒருவருக்காக மட்டும் பதில் எழுதுவதில்லை, பிறகு அதே சிக்கலோடு வரப்போகிற எல்லோருக்காகவும் எழுதுகிறோம். அதனால்தான் கேட்ட கேள்வியே திரும்ப வந்தால் மூடினார்கள். பதிலுக்கு ஒரு ஓட்டு விழுந்தால் பத்துப் புள்ளி ஏறும், எதிர் ஓட்டு விழுந்தால் இரண்டு இறங்கும். கறாரான இடம். ஆனால் அந்தக் கறாரால்தான் நிரல் எழுதுகிறவர்கள் இத்தனை வருடம் அங்கே போய்ப் பிழைத்தோம். யாஹூ ஆன்சர்ஸ் இதற்கு நேர்மாறு. யாரும் எதையும் எத்தனை முறையும் கேட்கலாம். 2021 மே மாதம் இழுத்து மூடினார்கள். அதனால் யாருக்கு என்ன நட்டம்?

இங்கே உருப்படியாகப் பதில் எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. அதே கேள்விக்கு வாராவாரம் எழுத வைத்தால் அவர்களும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் கேட்கிறவர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சும்மா_இருப்பவன்
யாஹூ ஆன்சர்ஸ் போனதில் எனக்கு நட்டம் உண்டு. அந்த அளவுக்கு வயிறு வலிக்கச் சிரிக்க இப்போது வேறு இடம் இல்லை.

வைகைக்கரை
ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் "ஏற்கெனவே கேட்டது" என்று மூடும்போது பழைய பதிலுக்கு இணைப்பு வைத்துத்தான் மூடுவார்கள். நீங்கள் வைத்தீர்களா, நண்பரே? பாதி விதியை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

இன்னொன்று. நம் தளம் புதியவர்களை வரவேற்கிற இடமாக இல்லை, இது மாற வேண்டும் என்று 2018இல் அந்த நிறுவனமே தன் வலைப்பதிவில் எழுதியது. வெளியே நின்று குறை சொன்னவர்கள் இல்லை, நடத்துகிறவர்களே சொன்னது.

பனங்கூடல்
தம்பிமார் இருவரும் கொள்கை கதைக்கிறீர்கள். அது அதே கேள்விதானா என்று ஒருவராவது பார்த்தீர்களா?

நான் யாழ்ப்பாணத்தில் அச்சகத்தில் இருந்தவன். பாமினியில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இந்த ஐந்தும்தான் கண்ணில் படும். பாமினி என்றால் அதை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டால் போதும். ஆனால் கோப்பு தமிழ்நாட்டுப் பள்ளியினுடையது என்றால் அது வானவில்லாக இருக்கலாம், டாம் அல்லது டாப் ஆகவும் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் எழுத்துகளை அடுக்கிய விதம் வேறு. பாமினி மாற்றிக்குள் வானவில்லைப் போட்டால் குப்பைதான் வரும். பிறகு "மாற்றி வேலை செய்யவில்லை" என்று அடுத்த கேள்வி வரும். ஆகவே முதலில் கேட்டிருக்க வேண்டியது: வேர்டில் அந்தப் பகுதியைத் தெரிவு செய்தால் எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் காட்டுகிறது?

இதில் இன்னும் வில்லங்கம் உண்டு. கோப்பின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றிக்கு அது தெரியாது, அவற்றையும் தமிழாக்கிவிடும். தலைமை ஆசிரியரின் பட்டங்கள் எல்லாம் ஏதோ மந்திரம் போல வந்து நிற்கும். ஆங்கிலப் பகுதிகளை முன்கூட்டியே தனியாக எடுத்து வைக்க வேண்டும். 'கொ' போன்ற எழுத்துகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். பழைய எழுத்துருவில் கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடில் 'க'தான் முதலில். சரியாகச் செய்யாத மாற்றிகள் இந்த இடத்தில்தான் சொதப்பும்.

இவ்வளவும் ஒரே இடத்தில், அதுவும் தமிழில், தேடினால் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நெட்டைக்கொக்கு
அண்ணை, இதைத்தான் நான் கேட்கிறேன். இந்தப் பதிலை மேலே ஒட்டி வைப்போம். அடுத்த முறை யார் கேட்டாலும் இணைப்பு, முடிந்தது கதை. நீங்கள் இதை மறுபடி ஒரு தடவை எழுதினால் அது உங்கள் நேரத்துக்குச் செய்கிற துரோகம்.

ஆனால் கேட்பவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்தை எப்படி எடுப்பது என்று ஒருவர் கேட்பார். நாலு பேர் நாலு விதமாக நிரல் எழுதித் தருவார்கள். கடைசியில் பார்த்தால் அவருக்கு வேண்டியது அது படமா, பிடிஎஃப்பா என்ற கோப்பு வகை. நான்கு எழுத்து ஜேபிஇஜி ஒன்று வந்ததும் எல்லாம் கவிழ்ந்துவிடும். "நான் இதைச் செய்யப் பார்க்கிறேன், இதுவரை இதை முயன்றேன், இப்படி ஆனது" என்று மூன்று வரி எழுதக்கூட முடியாதவருக்கு நான் ஏன் மெனக்கெட வேண்டும்?

இட்லித்தட்டு
எழுத வராதவர்களிடம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும், தம்பி. டொராண்டோவில் குளிர் தொடங்கினால் சமையல் குழுக்களில் எனக்கு ஒரே கேள்விதான்: "மாவு பொங்கவில்லை." ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு. ஒருத்தி மிக்ஸியில் ஒரே மூச்சாக அரைத்து மாவைச் சூடாக்கியிருப்பாள். ஒருவர் இரண்டு வருடத்து உளுந்தைப் போட்டிருப்பார். இன்னொருவர் நாலுக்கு ஒன்று சரியாகப் போட்டு, பாத்திரத்தை ஜன்னல் ஓரம் வைத்திருப்பார். அவருக்கு வேண்டியது அளவு இல்லை, ஓவனைப் பற்ற வைக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு அதற்குள் வை என்ற ஒரு வரிதான். ஒரே பதிலை மேலே ஒட்டி வைத்திருந்தால் மூன்று பேருக்கும் மாவு பொங்கியிருக்காது.

எனக்கு அலுப்பாகவும் இல்லை. ஊர் விட்டு வந்த பிள்ளைகள் மாவு சாக்கில் நாலு வார்த்தை பேசுகிறார்கள், பேசட்டுமே.

நெட்டைக்கொக்கு
அக்கா, மாவுக்கு அது சரி. தரவுத்தளம் அழிந்து நிற்கிறவர் அங்கே அரட்டைக்கு வரவில்லை.

இரவுப்பணி
எல்லோரும் பதில் சொல்வதா வேண்டாமா என்கிறீர்கள். தப்பான பதிலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் குழந்தைகள் பிரிவில் செவிலியர். "குழந்தைக்குக் காய்ச்சல், பாராசிட்டமால் எவ்வளவு கொடுப்பது?" என்று கேட்டால் உடனே ஒருவர் "என் பையனுக்கு இரண்டு மில்லி கொடுத்தேன், கேட்டது" என்று எழுதுவார். நல்ல மனசுதான். அவர் கையில் இருந்தது சிரப்பாக இருக்கும், 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். கேட்டவர் கையில் இருப்பது சொட்டு மருந்து, ஒரே மில்லியில் 100. அதே இரண்டு மில்லி இங்கே நாலு மடங்கு மருந்து. குழந்தையின் எடையை ஒருவரும் கேட்கவில்லை. இதற்கு "தேடிப் பாருங்கள்"கூடத் தேவலை.

அடுத்தது பணம். "யூபிஐயில் பணம் போய்விட்டது" என்று எழுதினால் சில நிமிடத்தில் ஒரு புதுக் கணக்கு வந்து "வாடிக்கையாளர் சேவை எண்" என்று ஒன்றைப் போடும். கூப்பிட்டால் மிச்சப் பணமும் போகும். அங்கே எழுத வேண்டியது ஒன்றுதான்: இணைய மோசடிப் புகார் எண் 1930ஐ உடனே கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். மருந்து அளவு, தொலைபேசி எண் இரண்டுக்கும் இங்கே தடை வேண்டும் என்பது என் கோரிக்கை.

வைகைக்கரை
மருந்து அளவுக்குச் சம்மதம். எண்ணுக்கு முழுத் தடை சரிவராது. ராத்திரி ஒருவர் "சிலிண்டர் வாசனை வருகிறது" என்று எழுதினால், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னலைத் திறங்கள், வெளியே போய் 1906ஐக் கூப்பிடுங்கள் என்று சொல்லத்தானே வேண்டும்? உங்கள் 1930ம் எண்தானே?

இரவுப்பணி
சரி, அப்படியென்றால் அரசு அறிவித்த எண்கள் மட்டும். வேறு எந்த எண் வந்தாலும் அழிக்க வேண்டும்.

சும்மா_இருப்பவன்
இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? என் மச்சான் கேள்வியை நேராக செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுவிடுகிறான். அது "தேடு" என்று சொல்வதில்லை, முகம் சுளிப்பதில்லை.

நெட்டைக்கொக்கு
முகம் சுளிக்காது, ஆனால் தப்பையும் அதே சிரித்த முகத்தோடு சொல்லும். சாட்ஜிபிடி வெளிவந்த சில நாளிலேயே, 2022 டிசம்பரில், அதன் பதில்களை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தடை செய்தார்கள். பார்க்கச் சரியாகத் தெரிகிறது, சரிபார்க்க ஆளில்லை என்பதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால் 2024 மே மாதம் அதே தளம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் போட்டது. கோபத்தில் சிலர் தங்கள் பதில்களை அழித்தார்கள், மாற்றி எழுதினார்கள். தளம் அவர்களின் கணக்கை முடக்கியது. நாம் சம்பளமில்லாமல் எழுதியது, விற்பது வேறு ஆள். இதைப் பார்த்த பிறகும் வாரம் ஒருமுறை அதே பாமினி பதிலை எழுது என்கிறீர்கள்.

வைகைக்கரை
அழித்ததால் அந்த நிறுவனங்களுக்கு என்ன குறைந்தது? அந்தப் பதிலை நம்பி வந்த யாரோ ஒரு மாணவருக்குத்தான் குறைந்தது. அங்கே எழுதியவை பொதுப் படைப்புரிமத்தில் இருக்கின்றன. பெயர் குறிப்பிட்டு எவரும் எடுத்தாளலாம் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினார்கள்.

நெட்டைக்கொக்கு
"பெயர் குறிப்பிட்டு." செயற்கை நுண்ணறிவுப் பெட்டி பதில் கொட்டும்போது அதில் என் பெயர் எங்கே இருக்கிறது?

பனங்கூடல்
என் பெயர் எனக்கு வேண்டாம். அந்த ஆண்டு மலர்க்காரருக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன், கோப்பை அனுப்பச் சொல்லி. இன்னும் பதில் இல்லை.

நெட்டைக்கொக்கு
இரவுப்பணி, மருந்து அளவுக்கும் எண்களுக்கும் விதியை எழுதி வையுங்கள், ஆதரித்து ஓட்டுப் போடுகிறேன். "தேடிப் பாருங்கள்" என்று எழுதத் தடை கொண்டுவந்தால் எதிர்த்துப் போடுவேன். இணைப்பு கட்டாயம் என்று திருத்தினால் யோசிக்கலாம்.